ஒரே மூட்டையில் ஏன் இத்தனை கொள்கைகள்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவி ஒருத்தி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவள். இப்போது சென்னையில் வங்கி வேலை, இரண்டு பிள்ளைகள். பேசிக்கொண்டே கடற்கரைக்கு நடந்தோம். எங்கள் பொம்மையார்பாளையத்தில் கடற்கரை என்று சொல்லிக்கொள்ள இப்போது அதிகம் இல்லை. கடல் அரித்தது போக, கொட்டி வைத்திருக்கும் கருங்கல்லின் மேல்தான் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் கேட்டாள்:

"சார், ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. கருத்துச் சுதந்திரம்னு பேசறவங்கள பாருங்க. சாமி இல்லங்கறாங்க, சாதி கூடாதுங்கறாங்க, பொண்ணுங்களுக்கு எல்லாம் சமமா வேணுங்கறாங்க, தமிழ்ல படிங்கறாங்க. ஒரு விஷயத்துல என்ன சொல்றார்னு தெரிஞ்சா மீதி ஒம்பதையும் நாமளே சொல்லிடலாம். இப்ப எதிர்ப்பக்கத்துலயும் ஒரு கூட்டம் 'எங்க கருத்துச் சுதந்திரம்'னு கிளம்பியிருக்கு. அவங்க கிட்டயும் வேற ஒரு மூட்டை இருக்கு. பேசற உரிமைக்கும் மத்ததுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

ஏதோ ஒரு பதிலைச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏன் விடவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

எங்கள் ஊர் இருக்கும் இடமே இந்தப் பாடத்துக்கு நல்ல வரைபடம். தெற்கே போனால் கோட்டக்குப்பம், அதைத் தாண்டினால் முத்தியால்பேட்டை, அது புதுச்சேரி. வடக்கே போனால் காலாப்பட்டு, அதுவும் புதுச்சேரி. நடுவில் நாங்கள் தமிழ்நாடு. அந்தக் காலத்தில் நடுவில் நாங்கள் ஆங்கிலேயர் பக்கம், இரண்டு பக்கமும் பிரெஞ்சுக்காரர் பக்கம். ஒரே மணல், ஒரே மீன், ஒரே பேச்சு. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் எழுதினால் சிறை, அந்தப் பக்கம் எழுதினால் பத்திரிகை.

அதற்குக் காரணம் ஒரு சட்டம். 1881 ஜூலை 29 அன்று பிரான்சில் வந்த பத்திரிகைச் சட்டம். அச்சடிக்க முன் அனுமதி வேண்டாம் என்றது. குடியேற்ற நாடுகளுக்கும் பொருந்தும் என்றது. அந்தச் சட்டம் இருந்ததால்தான் 1908-ல் சென்னையில் 'இந்தியா' வாரப் பத்திரிகையின் மீது வழக்கு பாய்ந்தபோது பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். பத்திரிகையின் பதிவு பெற்ற ஆசிரியராக இருந்த மு. சீனிவாசன் ஐந்து ஆண்டு தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார். அந்த ஆண்டு அக்டோபரிலேயே 'இந்தியா' புதுச்சேரியிலிருந்து மறுபடி வெளிவந்தது. 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் வந்தார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயர் வந்தார். ஒற்றர்களும் பின்னாலேயே வந்து வீடு பிடித்து உட்கார்ந்தார்கள்.

இப்போது மாணவியின் கேள்வியை இவர்களிடம் வைத்துப் பார்ப்போம். பாரதியாரிடம் மூட்டை இருந்ததா? இருந்தது. 'இந்தியா'வுக்கு முன்பே பெண்களுக்காக 'சக்கரவர்த்தினி' என்ற மாத இதழை நடத்தியவர். நாட்டு விடுதலை, பெண் விடுதலை, சாதி எதிர்ப்பு, தமிழ் எல்லாம் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. ஏன் அப்படி?

என் முதல் பதில்: எதிரி ஒருவனாக இருந்தால், அடிபடுகிறவர்கள் ஒன்று சேர்கிறார்கள்.

இதற்குப் பாரதியாருக்கு முந்தைய ஒரு சாட்சி உண்டு. 1880-களில் சென்னையில் இலௌகிக சங்கம் என்று ஒன்று இருந்தது. 1882 முதல் 1888 வரை 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். கடவுள் மறுப்பு, சாதி மறுப்பு, விதவை மறுமணம், குழந்தை மணத்துக்கு எதிர்ப்பு எல்லாம் அதில் வந்தன. பெரியார் 1879-ல்தான் பிறந்தார் என்பதை நினைவில் வையுங்கள். அவர் திண்ணைப் பள்ளிக்குப் போகிற வயதில் இவர்கள் இதையெல்லாம் அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு லண்டன் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவின் இயக்கத்தோடு தொடர்பு இருந்தது.

அந்த பிராட்லாவும் அன்னி பெசன்ட் அம்மையாரும் 1877-ல் குழந்தைப்பேற்றுக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சின்னப் புத்தகத்தை மறுபதிப்புப் போட்டார்கள். ஆபாசம் என்று வழக்கு. ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பு; மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே பெசன்ட் அம்மையாரின் மகளை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்தது. நாத்திகம் பேசுகிறவர், அப்படிப்பட்ட புத்தகம் போடுகிறவர், பெண்குழந்தையை வளர்க்கத் தகுதியில்லை என்பது காரணம்.

இதைக் கவனியுங்கள். நாத்திகம் வேறு, குடும்பக் கட்டுப்பாடு வேறு, பேச்சுரிமை வேறு, தாயின் உரிமை வேறு. தர்க்கப்படி ஒன்றிலிருந்து இன்னொன்று பிறக்காது. ஆனால் அந்தத் தாய்க்கு நான்கும் ஒரே நாளில், ஒரே நீதிமன்றத்தில், ஒரே காரணமாக வந்து சேர்ந்தன. அடி ஒரே கையிலிருந்து வந்தால், வலிக்கும் இடமெல்லாம் ஒன்றாகத்தானே தெரியும்?

இரண்டாவது பதில் கொஞ்சம் சாதாரணமானது: அச்சுக்கூடம். எழுத்து கோக்கும் ஆள், மை, காகிதம், சந்தாதாரர் பட்டியல் இவை எளிதில் கிடைப்பதில்லை. ஒருவரிடம் இருந்தால் பக்கத்துக் கொள்கைக்காரரும் அங்கேதான் வருவார். ஈரோட்டில் 1925 மே 2 அன்று தொடங்கிய 'குடி அரசு' இப்படித்தான் வேலை செய்தது. பகுத்தறிவு, வகுப்புரிமை, விதவை மணம், சுயமரியாதைத் திருமணம், பிறகு சமதர்மம். பகத்சிங் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்?' என்பதை ஜீவா தமிழாக்க, பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமி வெளியிட்டார், இருவரும் கைதானார்கள். மொழிபெயர்த்தவர் பின்னாளில் பெரிய பொதுவுடைமைத் தலைவர்; வெளியிட்டவர் ஈரோட்டு வணிகக் குடும்பம். ஒரே துண்டு நூல் இருவரையும் சேர்த்தது. 1933 அக்டோபரில் 'குடி அரசு' எழுதிய தலையங்கத்துக்காக இராஜத்துரோக வழக்கு வந்தபோது பெரியாரும், வெளியீட்டாளரான தங்கை கண்ணம்மாளும் சிறைக்குப் போனார்கள். அரசே ஒரே கயிற்றில் கட்டி இழுத்தால் ஆட்கள் ஒரே மூட்டை ஆகத்தான் செய்வார்கள்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், "சரிதான், நல்ல கொள்கைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தம்" என்று தோன்றும். வகுப்பறையில் முப்பது வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன். அது முழு உண்மை இல்லை.

வ.வே.சு. ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் வனவாசம் இருந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர். ஊர் திரும்பிய பின் 'தேசபக்தன்' ஆசிரியராக இருந்து, வெளியான கட்டுரைக்காக 1921-ல் ஒன்பது மாதம் சிறை போனவர். எழுத்துக்காக விலை கொடுத்ததில் அவருக்கு யாரும் குறைந்தவர் இல்லை என்று சொல்லமுடியாது. அவர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனிப்பந்தி. காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் வாங்கி நடந்த இடம். பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கேட்டார்கள். 1924, 1925-ல் தமிழ்நாடே அதைப் பேசியது. சுதந்திரமாக எழுதும் உரிமைக்குப் போராடிய மனிதரால், பிள்ளைகளைச் சமமாக உட்காரவைக்கும் விஷயத்தில் உறுதியாக நிற்க முடியவில்லை. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் அவர் போய்விட்டார். அவரைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒரு கொள்கை இருந்தால் மற்றது தானே வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் துயரமான சாட்சி எனக்குத் தெரியாது.

பெசன்ட் அம்மையாரும் அப்படித்தான். லண்டனில் அவ்வளவு பட்டவர் சென்னைக்கு வந்து பிரம்மஞான சபைத் தலைவர் ஆனார். 'நியூ இந்தியா' பத்திரிகைக்காக ஜாமீன் தொகை இழந்தார்; 1917 ஜூனில் சென்னை அரசு அவரைக் காவலில் வைத்தது. ஆனால் 1909-ல், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்த்து உட்காரவைக்கக் கூடாது என்ற பொருள்பட எழுதியதும் அவர்தான். அம்பேத்கர் அதைத் தம் நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். பாரதியாரின் 'இந்தியா' சென்னையில் வந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே சென்னையில், 1907 ஜூன் 19 அன்று அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அவருக்கும் எழுத்துச் சுதந்திரம்தான் மூச்சு. ஆனால் சுதேசிக் கூட்டத்தை அவர் நம்பவில்லை. ஆங்கிலேயர் போனால் எங்களை ஆளப்போவது யார் என்பது அவர் கேள்வி. இரண்டு பேரும் சாதியை எதிர்த்தார்கள், இரண்டு பேரும் பத்திரிகை நடத்தினார்கள். ஆனால் மூட்டை ஒன்றல்ல. காரணம், இருவருக்கும் அடி விழுந்த கை ஒன்றல்ல.

பிரெஞ்சுக்காரரும் விதிவிலக்கல்ல. 1881-ல் பத்திரிகைச் சுதந்திரம் தந்த அதே குடியரசுக் கூட்டம்தான் இலவசக் கட்டாயக் கல்வியையும் தந்தது. அதே கூட்டம்தான் வியட்நாமுக்குப் படை அனுப்பியது. அவர்கள் மூட்டையில் குடியேற்றமும் இருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை அதில் இல்லை. அதற்கு 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாரதியாருக்கு இடம் தந்த அதே புதுச்சேரியில்தான் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஆக மூட்டையைக் கட்டுவது தர்க்கம் இல்லை. காலமும் எதிரியும் அச்சுக்கூடமும் கட்டுகின்றன. இவற்றோடு மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் எனக்குச் சங்கடமானது: தோழமை. நம்மோடு சிறைக்கு வந்தவன், நம்மோடு டீ குடித்தவன் சொல்வதை நாம் ஆராய்ந்து ஏற்பதில்லை. நம்ம ஆள் என்று காட்டிக்கொள்ள ஏற்கிறோம். ஐந்து கொள்கையை யோசித்து ஏற்றவன், ஆறாவதைப் பந்தியில் வைத்த பாயசம் மாதிரி மறுக்கக் கூச்சப்பட்டு விழுங்குகிறான்.

இந்த மூட்டைக் கதையின் உச்சம் 1950, 1951-ல் நடந்தது. நம் சென்னை மாகாணம்தான் களம்.

'கிராஸ் ரோட்ஸ்' என்று பம்பாயிலிருந்து ஓர் இடதுசாரி வாரப் பத்திரிகை வந்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர். அது சென்னை மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அரசு தடை போட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே 26 அன்று வென்றார். அதே நாளில், அதே நீதிமன்றத்தில் இன்னொரு பத்திரிகையும் வென்றது. தில்லியில் முன்தணிக்கைக்கு ஆளான 'ஆர்கனைசர்', ஆர்.எஸ்.எஸ். சார்புப் பத்திரிகை. செங்கொடிக்காரரும் காவிக்கொடிக்காரரும் ஒரே நாளில், ஒரே உரிமையால் காப்பாற்றப்பட்டார்கள். கருத்துரிமைக்கு உண்மையில் மூட்டை கிடையாது என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்றது. தமிழ்நாடு கொதித்தது. பெரியார் தெருவில் இறங்கினார். அதற்குமுன் மார்ச்சில் பீகார் ஜமீன்தார்கள் பாட்னா உயர் நீதிமன்றத்தில் நிலச் சீர்திருத்தத்துக்கு எதிராக வென்றிருந்தார்கள். நேரு அரசு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மருந்து கொடுத்தது: 1951 ஜூன் 18, அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம்.

அதில் 15(4) வந்தது. நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போக வழி திறந்தது. ஜமீன் ஒழிப்புக்குக் காப்பு வந்தது. அதே திருத்தத்தில் 19(2)-ம் மாறியது. பொது ஒழுங்கு என்ற பெயரில் பேச்சைக் கட்டுப்படுத்தும் வாசல் அகலமானது. 'நியாயமான' என்ற சொல் சேர்ந்ததால் நீதிமன்றத்துக்கும் ஒரு பிடி கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் மூன்றும் ஒரே மசோதா. இட ஒதுக்கீடு வேண்டும் என்றால் பேச்சுக் கட்டுப்பாட்டுக்கும் கை தூக்கு. பேச்சுரிமை வேண்டும் என்றால் ஜமீன்தாரோடும் நில். அன்றைய தற்காலிக நாடாளுமன்றத்தில் பேச்சுரிமைப் பகுதியைக் கடுமையாக எதிர்த்தவர் சியாமா பிரசாத் முகர்ஜி. நாம் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சொன்னவர் நம் மூட்டைக்காரர் இல்லையே!

என் பாடத்தில் முதல் திருத்தம் என்றால் தமிழ்நாட்டின் சமூகநீதி வெற்றி. உண்மைதான், இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மீதிப் பாதியை நான் ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

விட்ட பாதி பிறகு எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டியது. 1963-ல் பதினாறாவது திருத்தம் பிரிவினை கோரும் பேச்சுக்கு வழியடைக்க, தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது. 1987-ல் அட்டைப்படச் சிரிப்புத் துணுக்குக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதால் சில நாளில் விட்டார்கள். 2012-ல் நம் பக்கத்துப் புதுச்சேரியில் சிறுதொழில் செய்யும் ஒருவரை ஒரு ட்வீட்டுக்காக, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஏ பிரிவில், விடியற்காலையில் வந்து கைது செய்தார்கள். 1908-ல் அச்சுக்கு அடைக்கலம் தந்த ஊர்! அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. தீர்ப்பு வந்த அன்று எல்லா மூட்டைக்காரர்களும் கைதட்டினார்கள்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்த விஷயம்.

அந்த மாணவி பத்தாம் வகுப்பு படித்தபோது பள்ளியில் ஒரு சுவர்ப் பத்திரிகை நடத்தினோம். பொறுப்பு என்னுடையது. "எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், பாரதி மண் இது" என்று பிள்ளைகளிடம் சொன்னவன் நான். அவள் ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். தமிழ் வழியில் படியுங்கள் என்று எங்களுக்குச் சொல்லும் ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்கவைக்கிறார்கள், எனக்கும் இங்கிலீஷ் வேண்டும், என் அப்பா கட்டுமரக்காரர், அவர் எங்கே போய் அதை எனக்கு வாங்கித் தருவார் என்று எழுதியிருந்தாள். அப்போது என் மகன் புதுச்சேரியில் ஆங்கில வழிப் பள்ளிக்கு வேனில் போய்க்கொண்டிருந்தான். மாலையில் நான் தமிழ்வழிக் கல்விக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தேன்.

"எழுத்துப்பிழை நிறைய இருக்கு, அடுத்த மாதம் பாப்போம்" என்று சொல்லி வாங்கி மேசையில் போட்டேன். அடுத்த மாதம் வரவேயில்லை. மூன்றே பிழைதான் இருந்தது.

சாதி, பெண்ணுரிமை, பகுத்தறிவு எல்லாவற்றிலும் அந்தப் பெண் என் பக்கம்தான். ஒரே ஒரு சாமானை என் மூட்டையிலிருந்து எடுத்து வெளியே வைத்தாள். அதற்கே அவளை எதிர்க்கட்சி ஆக்கிவிட்டேன். ஐயர் பந்தியைப் பிரித்தார் என்று வருடாவருடம் பாடம் நடத்தியவன், என் சுவரில் ஒரு பிள்ளைக்கு இடம் தரவில்லை.

கருங்கல்லின் மேல் உட்கார்ந்து அவள் கேட்டது பொதுவான கேள்வி என்றுதான் முதலில் நினைத்தேன். கிளம்பும்போது தயங்கித் தயங்கி, "அந்தக் கட்டுரை ஞாபகம் இருக்கா சார்?" என்றாள். இருக்கிறது என்றேன். "தப்பு என்னுதுதான்மா" என்றேன். "விடுங்க சார், இப்ப என் பிள்ளைங்க இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுதத் தெரியல. நீங்க சொன்னதும் சரிதான்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் கொஞ்சம் குத்தியது.

அவளுக்கு நான் அன்று சொல்லாத பதில் இதுதான். மூட்டை இருப்பதில் தவறில்லை. பட்ட அடியும் கூட நின்ற ஆட்களும் சேர்ந்து கட்டிய மூட்டை அது. அதில் பல சாமான்கள் விலை மதிப்பில்லாதவை. நான் என்னுடையதை இறக்கி வைக்கப் போவதில்லை. ஆனால் கருத்துரிமை அந்த மூட்டைக்குள் கிடக்கும் ஒரு சாமான் இல்லை. மூட்டைகள் எல்லாவற்றையும் இறக்கிவைக்கும் திண்ணை அது. திண்ணையில் யார் மூட்டையும் இருக்கலாம். என் மூட்டைக்கு மட்டும்தான் இடம் என்றால் அதற்குப் பெயர் திண்ணை இல்லை, என் வீட்டு அலமாரி.

ஒருவர் கருத்துச் சுதந்திரம் என்று பேசினால், அவர் மற்ற ஒன்பதில் என்ன சொல்கிறார் என்று இனி நான் பார்க்கப்போவதில்லை. தனக்குப் பிடிக்காத ஒருவருக்காக அவர் கடைசியாக எப்போது வாய் திறந்தார் என்று பார்ப்பேன். முதலில் என்னிடமே அதைக் கேட்டுக்கொள்கிறேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்தப் பெண்ணிடம் அந்தக் கட்டுரையை மறுபடி எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். தந்தால் என் பக்கத்தில், அவள் சம்மதித்தால் அவள் பெயரோடு, ஒரு எழுத்தும் திருத்தாமல் போடுகிறேன். பிழை இருந்தாலும் சரி.

மாறுபட்டு எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதுங்கள். நீக்கமாட்டேன்.